ஜார்லத்தின் பூட்ஸில் ஆடியவன்

ஒரு மணப்பெண்ணின் கையை ஒரே ஒரு தடவை அழுத்தியதற்காக ஒருவன் வாழ்நாள் முழுவதும் தலை குனிந்து நடப்பானா? எங்கள் கில்கராவில் ஃபெஸ்டஸ் ருவேன் அப்படித்தான் நடந்தான். வாடகைக் கார் ஓட்டி ஓட்டிக் கூன் விழுந்துவிட்டது என்று ஊர் நினைத்தது. அவனும் அதையே சொல்லிக்கொண்டான். எண்ணெய் தடவச் சொன்னாள் ஒருத்தி. சிவப்புக் கம்பளித் துணியை இடுப்பில் சுற்றச் சொன்னாள் இன்னொருத்தி. பாவம், வலி முதுகில் இல்லை.

எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமையில் தொடங்கியது. மறுநாள் திருநீற்றுப் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஃபாதர் யாருக்கும் கல்யாணம் செய்து வைக்க மாட்டார் என்பதால், எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணங்கள் அந்தக் கடைசிச் செவ்வாயில்தான் நடக்கும். அன்று காலை டெலியா மன்னெல்லிக்கும் ஆன்டனி பேடனுக்கும் கோயிலில் கல்யாணம் முடிந்திருந்தது. டெலியாவின் அம்மா மழை வராமலிருக்க முந்தின நாளே குழந்தை இயேசு சிலையை வேலிப் புதரில் கொண்டுபோய் வைத்திருந்தாள். அது தன் வேலையைச் செய்தது. பிப்ரவரி மாதத்தில், மழைக்குப் பேர்போன எங்கள் மேயோ சீமையில், ஒரு சொட்டு மழை இல்லை. சிவப்புத் தலைமுடிக்காரி ஒருத்திகூட வழியில் எதிர்ப்படவில்லை. சகுனம் எல்லாம் சரியாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும்தான் வேறு ஆளாக இருந்திருக்க வேண்டும் என்று ஊர் காதோடு காதாகப் பேசிக்கொண்டது.

ஏனென்றால் டெலியாவும் ஜார்லத் லாவெலும் இரண்டு வருடங்களாக ஒருவரை ஒருவர் விரும்பியது ஊருக்கே தெரியும். ஜார்லத், விதவை சபீனாவின் ஒரே மகன். அவர்களுக்கு இருந்ததோ முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் ஒரு துண்டுச் சதுப்பு நிலம். ஆன்டனி பேடனுக்குக் கல்கூரை வீடு, கறவை மாடுகள், மேட்டு நிலம். டெலியாவின் அப்பா யோசிக்கவே இல்லை, ஆன்டனிக்கே வாக்குக் கொடுத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் டெலியாவும் ஜார்லத்தும் யாருக்கும் சொல்லாமல் இங்கிலாந்துக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். ஜார்லத் பெட்டியோடு பாலத்தில் நின்றான். விடிய விடிய நின்றான். அவள் வரவில்லை.

வைக்கோல் வேடக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. யாரும் கதவைச் சாத்துவதும் இல்லை. தலையில் கூம்பு போன்ற வைக்கோல் முகமூடி, தோளில் வைக்கோல், இடுப்பில் வைக்கோல். யார் என்று கேட்கக் கூடாது. அவர்களும் சொந்தக் குரலில் பேசக் கூடாது. பூட்ஸை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று ஒருவர் பூட்ஸை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே வந்ததும் அவர்களுடைய கேப்டன் மணப்பெண்ணைத்தான் முதலில் ஆட அழைக்க வேண்டும். அழைத்தால் அந்த வீட்டுக்கு எல்லா அதிர்ஷ்டமும் வந்து சேரும். அவளைத் தாண்டிப் போய் வேறொருத்தியை அழைத்துவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அந்த வீட்டில் தொட்டில் ஆடாது என்பார்கள்.

அந்த வருடமும் கேப்டன் ஜார்லத்தான். விளக்கேற்றும் நேரத்தில் கூட்டம் மன்னெல்லி வீட்டை நெருங்கியபோது, அவன் தன் நண்பன் ஃபெஸ்டஸின் தோளைப் பிடித்துக் கரி அடுக்கின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"டேய், என்னோடதை நீ மாட்டிக்க."

"எதை?"

"முகமூடியை. பூட்ஸையும்."

"உன் பூட்ஸா? என் விரல் நசுங்கிடும்டா. அதுவும் இல்லாம அந்த முனையில இருக்கற பித்தளைத் தகட்டைப் பார்த்தா குருடன்கூட உன் பேரைச் சொல்வான்."

"சொல்லட்டும். அவ தெரிஞ்சுக்கணும்."

"என்னத்தை?"

ஜார்லத் முகமூடியைக் கழற்றினான். அழுத முகம் இல்லை அது. அழுது முடித்து, காய்ந்து, கெட்டிப்பட்ட முகம்.

"நீ உள்ள போ. அவ முன்னாடி ஒரு நிமிஷம் நில்லு. அவ பூட்ஸைப் பார்க்கட்டும். அப்புறம் அவளைத் தாண்டிப் போய் வேற யாரையாவது ஆடக் கூப்பிடு."

"ஜார்லத், அது பாவம்டா."

"பாலத்துல நான் நின்னேனே, அது என்ன?"

"அதை நீயே செய்யேன்."

"என்னால முடியாது. பக்கத்துல போனா அவளைப் பார்த்துடுவேன்."

ஃபெஸ்டஸ் நல்லவன், ஆனால் யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். சின்ன வயதிலிருந்து ஜார்லத் முன்னால் நடப்பான், இவன் பின்னால் நடப்பான். பூட்ஸை மாட்டிக்கொண்டான். கட்டைவிரல் உண்மையாகவே நசுங்கியது. ஜார்லத் இவனுடைய பூட்ஸோடு சதுப்பு நிலத்தின் வழியாக வீட்டுக்கு நடந்தான். மற்ற பையன்கள் இருட்டில் எண்ணிப் பார்த்து, "ஃபெஸ்டஸ் எங்கடா? வயித்தைக் கலக்கிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேப்டனுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். முகமூடிக்குள் இருப்பது ஜார்லத் இல்லை என்று அவர்களுக்கே தெரியாது.

சமையலறை முழுக்க ஆட்கள். வயலின்காரன் வாசிப்பை நிறுத்தினான். நீலப் பட்டு உடுத்திய டெலியா பாத்திர அலமாரியில் சாய்ந்து நின்றாள். கேப்டன் அவள் முன்னால் போய் நின்றான். அவள் கண் மெதுவாகக் கீழே இறங்கியது. பித்தளைத் தகட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழப்போகிறது என்று தெரிந்து, அது விழட்டும் என்று காத்திருக்கும் குழந்தையைப் போல.

ஃபெஸ்டஸ் தாண்டிப் போக வேண்டும். அதற்காகத்தான் வந்தான். கால் நகரவில்லை. அந்த மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினான்.

வீடே பெருமூச்சு விட்டது. வயலின் மறுபடி பிடித்துக்கொண்டது.

"காலைத் தரையை விட்டுத் தூக்காதடி!" என்று டெலியாவின் அம்மா கத்தினாள். "ரெண்டு காலும் ஒண்ணா எழும்பினா அவங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க!" அவங்க என்றால் யார் என்று நாங்கள் பெயர் சொல்வதில்லை. குன்றுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவர்கள்.

"ஆன்டனி ஏற்கெனவே தூக்கிட்டானே, இன்னும் யாரு வந்து தூக்கறது?" என்றார் அடுப்பருகே ஒரு கிழவர். மாப்பிள்ளை ஆன்டனி உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குள் டெலியா தன் வாயை வைக்கோலுக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"ஜார்லத், நீ பேச வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேளு. அன்னிக்கு அப்பா என்னைத் தடுத்தார்னு ஊர்ல சொல்றாங்க. தடுக்கல. கதவு திறந்துதான் இருந்துது. நான்தான் பயந்துட்டேன். பெட்டியைக் கையில வெச்சிக்கிட்டு விடியற வரைக்கும் கட்டில்லயே உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னோடது. நீ என்னை மன்னிச்சாதான் என்னால இன்னொருத்தர் வீட்ல வாழ முடியும். மன்னிச்சியா? மன்னிச்சிருந்தா என் கையை ஒரு தடவை அழுத்து. போதும்."

முகமூடிக்குள் ஃபெஸ்டஸ் 'நான் அவன் இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தான். வேடக்காரன் பேசக் கூடாது. பேசினால் ஜார்லத்தின் குட்டு வெளிப்படும். கல்யாண வீட்டில் அடிதடி நடக்கும். கையை விட்டுவிட்டாலோ, அவள் அங்கேயே விழுந்துவிடுவாள் போலிருந்தது.

அழுத்தினான்.

டெலியாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று அவள் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஊர் வேறு மாதிரிப் பேசியது. பித்தளைத் தகட்டை எல்லோரும் பார்த்திருந்தார்களே! 'என்ன பெரிய மனசு ஜார்லத்துக்கு! தான் விரும்பின பெண்ணின் கல்யாணத்தில் தானே வந்து அதிர்ஷ்டத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்' என்றது.

மறுநாள் காலை, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு இருவரும் கோயில் மதிலோரம் சந்தித்தார்கள். பூட்ஸ் மாற்ற வேண்டுமே. மதிலுக்குப் பின்னால் ஜார்லத்தின் பெட்டி இருந்ததை ஃபெஸ்டஸ் பார்த்தான்.

"தாண்டிப் போனியா?"

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தான். ஆனால் ஜார்லத்தின் முகத்தைப் பார்த்ததும் பழைய பயம் வந்துவிட்டது. ஊரை விட்டுப் போகிறவன். போகும்போது எதற்குச் சண்டை?

"போனேன்."

"யாரைக் கூப்பிட்ட?"

"அவ அத்தையை."

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"அவ என்ன பண்ணினா?"

"அழுதா." அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ஜார்லத் குனிந்து லேஸ் கட்டினான். ஒரு முடிச்சுப் போட அவ்வளவு நேரம் ஆனது. நிமிர்ந்தபோது சாம்பல் சிலுவை வியர்வையில் கரைந்திருந்தது.

"டேய், நான் சொன்னா நீ செஞ்சிடுவியா? வேணாம்டான்னு என்னை ஒரு அறை அறைஞ்சிருக்கக் கூடாதா?"

இதோ, இதுதான் அந்த நொடி. ஃபெஸ்டஸ் வாயைத் திறந்திருந்தால் மூன்று பேருடைய வாழ்க்கையும் அந்த மதிலோரத்திலேயே நேராகியிருக்கும். ஆனால் இப்போதுதானே நெற்றியில் சாம்பலோடு பொய் சொன்னான்! உடனே அதை எப்படித் திரும்ப விழுங்குவான்? தயங்கினான். திருப்பத்தில் பஸ் ஹாரன் அடித்தது. ஜார்லத் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கை காட்டவில்லை.

அதன் பிறகு சபீனாவுக்கு மகனிடமிருந்து கிறிஸ்துமஸ் தோறும் ஒரு போஸ்டல் ஆர்டர் வரும். முகவரி இருக்காது. ஒரு வருடம் இங்கிலாந்தின் லூட்டன் ஊர் முத்திரை, ஒரு வருடம் கோவென்ட்ரி. அவ்வளவுதான்.

ஃபெஸ்டஸ் ஒரு பழைய கார் வாங்கினான். மணப்பெண்களைக் கோயிலுக்கும், கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்கும், கிழவர்களைச் சந்தைக்கும் கொண்டுபோனான். கல்யாண ஊர்வலம் சாவு ஊர்வலத்தின் எதிரே வந்துவிடாதபடி சுற்றுவழி போவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. தனக்கு மட்டும் கல்யாணம் வேண்டாம் என்றான். பெண் பேச வந்தவர்களிடம், "ஒரு கல்யாணத்துக்கு நான் செஞ்சதே போதும்" என்பான். அவர்கள் புரியாமல் சிரிப்பார்கள்.

ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தான்.

"ஃபாதர், ஒரு கல்யாணப் பொண்ணோட கையை அழுத்தினேன்."

"அவ புருஷனுக்குத் தெரியுமா?"

"ஐயோ, அப்படி இல்ல ஃபாதர். அவளேதான் அழுத்தச் சொன்னா. ஆனா என்னைச் சொல்லல."



"குடிச்சிருந்தியா?"

"கொஞ்சம், ஃபாதர்."

"மூணு தடவை 'அருள் நிறைந்த மரியே' சொல்லு. இனிமே வைக்கோலைக் கட்டிக்கிட்டுத் திரியாதே."

சொன்னான். மூன்றுக்குப் பதில் முப்பது தடவை சொன்னான். பாரம் இறங்கவில்லை.

டெலியாவிடமும் சொல்லப் பார்த்தான். அவள் மூன்றாவது குழந்தையைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள். காரில் அவளும் குழந்தையும் மட்டும்தான். "டெலியா, உன் கல்யாணத்தன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"ஆமா ஃபெஸ்டஸ், நானும் அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன்," என்றாள் அவள், குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே. "உன்கிட்ட சொன்னா என்ன, நீ அவன் சிநேகிதன்தானே. அன்னிக்கு ஜார்லத் என் கையை அழுத்தினான். மன்னிச்சிட்டேன்னு அர்த்தம். அது இல்லாம போயிருந்தா இந்தக் குழந்தைங்க முகத்தை நான் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டேன். ஆன்டனி நல்ல மனுஷன். நான் நல்லா இருக்கேன். எல்லாம் அந்த ஒரு அழுத்தல்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீ என்னவோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. அன்னிக்கு மழை இல்லன்னு சொல்ல வந்தேன்."

அந்த ஒரு அழுத்தலின் பலத்தில்தான் டெலியா தினமும் சபீனாவின் வீட்டுக்குப் போனாள். ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், துணி துவைத்துப் போட்டாள். "உங்க மகன் மனசுல யார் மேலயும் கோபம் இல்ல சபீனாம்மா. கண்டிப்பா வருவான்" என்று தைரியம் சொன்னாள். கிழவி நம்பினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நல்ல சால்வையாகப் போர்த்திக்கொண்டு ஃபெஸ்டஸின் காரில் ஸ்டேஷனுக்குப் போவாள். ரயிலிலிருந்து எல்லோருடைய பிள்ளைகளும் இறங்குவார்கள். பெட்டிகள், கட்டியணைப்புகள், அழுகைகள். பிளாட்பாரம் காலியாகும். கிழவி ரயிலின் கடைசிப் பெட்டி வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

"என்ன தம்பி, இந்தத் தடவையும் லீவு கிடைக்கல போலிருக்கு."

"அப்படித்தான் இருக்கும் சபீனாம்மா."

"முதலாளி கெட்டவனா இருப்பான். இங்கிலீஷ்காரன்தானே."

அப்படி ஒரு திரும்பும் வழியில் அவனுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. குளிர் என்று நினைத்துக் கிழவி தன் சால்வையைக் கழற்றி அவன் மேல் போட்டாள். ஐயோ, அந்தச் சால்வை! நெருப்பைப் போட்டிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

ஒரு மார்ச் மாதம் சபீனா போய்ச் சேர்ந்தாள். ஜார்லத்துக்குச் சொல்லி அனுப்ப முகவரி இல்லை. சவப்பெட்டியின் தலைமாட்டில் மகன் நிற்க வேண்டிய இடத்தில் ஃபெஸ்டஸ் தோள் கொடுத்தான். "மகன் மாதிரி செஞ்சான்" என்றது ஊர். அன்றிலிருந்துதான் அவனுக்குக் கூன் அதிகமானது.

அடுத்த வருடம், கோடையில், மத்தியான ரயிலிலிருந்து ஒரு நரைத்த மனிதன் இறங்கினான். கையில் சின்னப் பெட்டி. சுற்றிப் பார்த்துவிட்டு நேராகக் காரை நோக்கி வந்தான்.

"ஃபெஸ்டஸ்தானே? என்னடா, வில்லு மாதிரி வளைஞ்சிட்ட!"

ஜார்லத் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"வேலை செய்யற இடத்துல நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் சேர்ந்தான். அவன் சொல்லித்தான் அம்மா செத்ததே எனக்குத் தெரியும். கல்லறைக்குப் போ. பார்த்துட்டு அடுத்த ரயிலுக்கே திரும்பிடறேன்."

"ஒரு நாள் தங்கலாமே."

"வேணாம். அப்புறம், பேடன் வீட்டு வழியா மட்டும் போகாதே."

"ஏன்?"

"ஏன்னா கேக்கற? உனக்குத் தெரியாதா?" ஜார்லத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "கல்யாணத்தன்னிக்கு ஊர் முன்னாடி அவளை அவமானப்படுத்தினவன்டா நான். எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு இந்த ஊர்ல நடப்பேன்? எத்தனை தடவை கப்பல் துறை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன் தெரியுமா? அம்மா கூப்பிடற மாதிரியே இருக்கும். ஆனா டெலியா அழுதான்னு நீ சொன்னியே, அந்த முகம் வந்து குறுக்க நிக்கும்."

சதுப்பு நிலத்துச் சாலையின் நடுவில் கார் நின்றது.

"என்னாச்சு, பெட்ரோலா?"

"நான் தாண்டிப் போகல."

"என்ன?"

"டெலியாவைத் தாண்டிப் போகல, ஜார்லத். அவ கூட ஆடினேன். உன் பூட்ஸைப் பார்த்து அவ நீன்னு நினைச்சா. பாலத்துக்கு வராதது தன் தப்புன்னு சொன்னா. அப்பா தடுக்கலையாம், அவளுக்குத்தான் பயமாம். மன்னிச்சிருந்தா கையை அழுத்துன்னா. நான்... அழுத்தினேன். மறுநாள் உன்கிட்ட பொய் சொன்னேன். அவளை யாரும் அவமானப்படுத்தல. உன்னைப் பெரிய மனசுக்காரன்னு ஊரே இன்னிக்கு வரைக்கும் சொல்லுது."

ஜார்லத் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"என் பேர்ல நீ மன்னிச்சிருக்க."

"ஆமா."

"நான் மன்னிக்கலையேடா."

"தெரியும்."

"செய்யாத தப்புக்காகவா நான் அம்மாவைப் பார்க்காம இருந்தேன்?" குரல் அமைதியாகத்தான் இருந்தது. அது உயர்ந்திருந்தால் ஃபெஸ்டஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவ ஸ்டேஷனுக்கு வருவாளாமே. அந்தப் பையன் சொன்னான். யார் கூட்டிட்டு வந்தது?"

"நான்தான்."

ஜார்லத் கதவைத் திறந்து இறங்கினான். நடக்க ஆரம்பித்தான். ஃபெஸ்டஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காரை நடை வேகத்தில் அவன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். வயலில் புல் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வேலியோரம் வந்து, "என்ன ஃபெஸ்டஸ், இங்கிலாந்துக்காரர் சார் உன் வண்டியை விட வேகமா போறாரே! அவரையே வாடகைக்கு விடு!" என்று கத்தினாள். ஜார்லத் திரும்பவில்லை.

பாதை பிரியும் இடத்தில் கல்லறைப் பக்கம் போகாமல் ஜார்லத் மேட்டுப் பக்கம் ஏறினான். பேடன் வீட்டின் கேட்டைத் தள்ளித் திறந்தான். டெலியா முற்றத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. ஃபெஸ்டஸ் காரிலிருந்தபடியே பார்த்தான். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஜார்லத் பேசினான், அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பேசினாள், அவன் தலையை ஆட்டினான், ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல். கோழிகள் இருவருடைய காலடியிலும் கொத்திக்கொண்டிருந்தன.

பிறகு டெலியா கேட்டைத் தாண்டிக் காருக்கு வந்தாள். ஃபெஸ்டஸ் கண்ணாடியை இறக்கினான். அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் தேவலை என்று இருந்தது.

"உன் கையைக் காட்டு," என்றாள்.

காட்டினான். அதை அவள் தொடவில்லை. பார்த்தாள்.

"இந்தக் கையா? இத்தனை வருஷமா நான் ஜெபத்துல நன்றி சொன்னது இந்தக் கைக்கா? உனக்கு யார் கொடுத்தது அந்த உரிமை?"

"நீ கண்ணை மூடிக்கிட்டு நின்ன, டெலியா. என்னால தாங்க முடியல."

"தாங்கியிருக்கணும். நான் தாங்கியிருப்பேன். எனக்குக் கிடைக்க வேண்டியதுதானே அது?" அவள் குரல் உடைந்தது. "என்னை விடு. நான் புருஷன், பிள்ளைங்கன்னு இருந்துட்டேன். அந்தக் கிழவியை நினைச்சுப் பார்த்தியா? உன் அழுத்தலை நம்பித்தானே தினமும் அவகிட்ட 'வருவான் வருவான்'னு சொன்னேன்? என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டியே. சாகறப்போ என் கையைப் பிடிச்சிக்கிட்டு, 'ரயில் வந்துடுச்சா?'ன்னு கேட்டா, ஃபெஸ்டஸ். 'வந்துடுச்சு, வந்துட்டிருக்கான்'னு சொன்னேன்."

ஃபெஸ்டஸ் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான்.

"அவன் உன்னை மன்னிச்சிட்டானா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"கேட்டேன். 'தெரியல'ன்னான்." டெலியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்தாள். "அது போதும் எனக்கு. அது அவனோட சொந்த வார்த்தை."

மூவரும் கல்லறைக்கு நடந்தே போனார்கள். ஜார்லத் முன்னால், டெலியா நடுவில், ஃபெஸ்டஸ் எல்லோருக்கும் பின்னால். மேட்டு வயல்களில் ஊரே புல் காய வைத்துக்கொண்டிருந்தது. சபீனாவின் கல் இன்னும் புதிதாக இருந்தது. ஜார்லத் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். மண்ணை உள்ளங்கையால் தடவினான். பிறகு எழுந்து ஒதுங்கி நின்றான்.

"எனக்கு அவகிட்ட சொல்ல வாய் வரல," என்றான். "ஏன் வரலன்னு அவ கேட்பா. நீ சொல்லு ஃபெஸ்டஸ். அது உன்னோடது."

"நான் எப்படிடா..."

"என்கிட்ட சொன்ன மாதிரிதான்."

ஃபெஸ்டஸ் முன்னால் வந்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டான். "சபீனாம்மா," என்றான், மெல்லிய குரலில். "நான்தான், ஃபெஸ்டஸ்."

"அப்படிச் சொன்னா கேக்காது," என்றாள் டெலியா. "கடைசியில அவளுக்குக் காது சுத்தமா போயிடுச்சு. கத்தித்தான் சொல்லணும்."

ஜார்லத் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். அம்மாவுக்குக் காது போனது அவனுக்குத் தெரியாது. மதிலைப் பிடித்துக்கொண்டான்.

வயல்களில் ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கத்தினால் ஊருக்கே கேட்கும். நாளைக்கு இந்தக் காரில் ஏற யாரும் வருவார்களோ என்னவோ. ஃபெஸ்டஸ் ஒரு தடவை அவர்களைப் பார்த்தான், பிறகு கல்லைப் பார்த்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டான்.

"சபீனாம்மா!" என்று கத்தினான். "டெலியா கல்யாணத்துல ஆடினது உங்க மகன் இல்ல! நான்! அவன் பூட்ஸைப் போட்டுக்கிட்டு நான்தான் ஆடினேன்! தாண்டிப் போயிட்டேன்னு அவன்கிட்ட பொய் சொன்னேன்! அந்த வெட்கத்துலதான் அவன் ஊருக்கே வரல! முதலாளி கெட்டவன் இல்ல, சபீனாம்மா! நான்தான்! நான்தான்!"

வயல்களில் புல் கிளறிக்கொண்டிருந்த கவைக்கோல்கள் ஒவ்வொன்றாக நின்றன.